தாளின் பின்பக்கம்

போன வாரம் ஒரு இளம் ஆசிரியர் போன் செய்தார். நான் வேலையில் இருந்த நாளில் அவர் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாராம். இப்போது இயற்பியல் நடத்துகிறார்.

"சார், நெட்டுல சயின்ஸுக்கு நம்பகமான சைட் எதெதுன்னு ஒரு லிஸ்ட் இருந்தா அனுப்புங்களேன். நீங்க அந்தக் காலத்துலயே அந்த வேலையில இருந்தவங்கதானே" என்றார்.

'அந்தக் காலத்துலயே' என்றதும், கங்கைகொண்ட சோழபுரத்து நந்திபோல நான் சற்று நேரம் அசையாமல் இருந்தேன். லிஸ்ட் இருக்கிறது. அனுப்புவதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் சரியான தகவலைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நாங்கள் நம்பியிருந்த ஒரு வருஷத்தில், ஒரு ஆசிரியருக்குக் கண் போயிற்று. லிஸ்ட்டுக்கு முன்னால் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

நான் வேதியியல் ஆசிரியர். தட்டச்சு தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைப் பள்ளியிலிருந்து எடுத்துப் பெரம்பலூரில் ஒரு பின்னறையில் போட்டார்கள். மாவட்டத்துப் பள்ளிகளுக்கு அறிவியல் பாடக்குறிப்பு தயாரித்து அனுப்புகிற பிரிவு என்று அதற்குப் பெயர். அந்த மாவட்டமும் ஒரு நிலையில் இல்லை. அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், திரும்பச் சேர்த்தார்கள், அப்புறம் மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கள் வாசல் போர்டை மாற்றி எழுதிய பெயிண்டர்தான் அந்த நிர்வாகச் சீர்திருத்தத்தில் முன்னேறிய ஒரே மனிதர்.

கம்ப்யூட்டர் பயிற்சிக்குத் திருச்சிக்கு அனுப்பினார்கள். போட்ட சாப்பாடு நன்றாக இருந்தது. கம்ப்யூட்டரை முறைப்படி அணைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு திரும்பினேன். பெரம்பலூரில் அதற்கும் அவசியம் இருக்கவில்லை, மின்வாரியமே அணைத்துக்கொண்டிருந்தது. இன்டர்நெட் என்பது தொலைபேசி வழியாக, கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டு வரும். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். திறந்தது தமிழ்ப் பக்கம் என்றால் எழுத்துரு ஒத்துவராமல் கட்டமும் கொம்புமாக நிற்கும். இன்னொரு டீ குடிக்கலாம்.

எங்களுக்கு மேலதிகாரி கோமதி மேடம். இயற்பியல். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் வைத்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேலேயே கவிழ்த்து வைப்பார். அப்படி வைத்துவிட்டால் அவர் இன்னும் படிக்க ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். முதலில் இரண்டு கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

"யாரு சொன்னது?"

"பல்கலைக்கழகம் ஒண்ணு மேடம்."

"சொன்னவங்க செஞ்சு பாத்தாங்களா?"

இதற்குப் பதில் தேடத்தான் ஒரு வாரம் ஆகும். யார் எழுதினார், அவருக்கு என்ன வேலை, படத்தில் இருக்கிற குடுவை அவருடைய குடுவையா, வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியதா, தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறாரா. கடைசியில் சொன்னதைத்தான் அவர் மிக முக்கியமாகப் பார்ப்பார். "செஞ்சு பாத்தவனுக்குத்தான் எங்க சொதப்பும்னு தெரியும். எதுவுமே சொதப்பாதுன்னு எழுதறவன் செய்யவே இல்லன்னு வச்சுக்குங்க."

ஒரு தடவை அரியலூர்ப் பக்கத்துப் புதைபடிவங்கள் பற்றிக் குறிப்பு தயாரித்தோம். நம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைக்கிற நத்தைக்கல், சிப்பிக்கல் எல்லாம் பாடத்தில் வரட்டுமே என்று. நான் ஐந்து தளங்களிலிருந்து பிரிண்ட் எடுத்து, ஐந்தும் ஒன்றுபோல் சொல்கின்றன என்று பெருமையாக நின்றேன். மேடம் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், அரியலூர்ல கடைசியா எப்ப அலை அடிச்சுது?"

ஐந்து தளத்திலும் அரியலூர் ஒரு கடற்கரை ஊர் என்று போட்டிருந்தது. டைனோசர் காலத்தில் கடல் இருந்ததை எவனோ ஒருவன் இன்றும் இருப்பதாக எழுதிவிட்டான். மற்ற நால்வரும் அந்தக் கடலை அப்படியே அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இது அஞ்சு சாட்சி இல்ல. ஒரே ஆளு அஞ்சு சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கான்" என்றார் மேடம். அன்று அரியலூர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் சிமெண்ட் லாரிப் புழுதிதான். அதையும் அந்த ஐவரில் யாராவது கடல்நுரை என்று எழுதியிருப்பார்கள்.

தேறியதை நான் தமிழில் எழுதுவேன். எழுதுகிற வரிசை எங்கள் யாருடைய கண்டுபிடிப்பும் இல்லை. நாங்களெல்லாம் மாணவர்களாக ரெக்கார்டு நோட்டில் எழுதிப் பழகிய வரிசை: நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, முடிவு, எல்லாவற்றுக்கும் பின்னால் முன்னெச்சரிக்கை. முன்னெச்சரிக்கை ஏன் பின்னால் வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அது எப்போதும் அங்கேதான் இருந்தது.

முதலில் ஒரு சோதனைக்கு இரண்டு தாள் என்று பின் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். செட்டிகுளம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மேடத்துடன் பார்வையிடப் போனேன். முட்டையை வினிகரில் போட்டால் ஓடு கரைந்து தோல் மட்டும் நிற்கும் என்கிற சோதனை. பிள்ளைகளின் நோட்டு எல்லாவற்றிலும் 'முடிவு: மாற்றம் ஏதும் இல்லை' என்று ஒரே மாதிரி இருந்தது.

"எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு பீரியட் முழுக்க வச்சிருந்தோம் மேடம்" என்றார் ஆசிரியர், குறையொன்றும் வைக்காத குரலில்.

இரண்டு நாள் வைக்க வேண்டும் என்பது இரண்டாவது தாளில் இருந்தது. அது எங்கே என்று கேட்டதில், அந்த ஆசிரியருக்கு அப்படி ஒரு தாள் இருந்ததே தெரியவில்லை. தலைமையாசிரியர் மேசைக்கும் வகுப்புக்கும் நடுவில் எங்கோ அது பிரிந்துபோயிருந்தது. முட்டையை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேடம் சொன்னார்: "ரெண்டாவது தாள்னு ஒண்ணு இருந்தா அது தொலையத்தான் செய்யும். தாளுக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்குல்ல சார், மிச்சத்தை அதுல போடுங்க. முதுகை யாரும் தனியாக் கழட்டித் தொலைக்க முடியாது."

நல்ல யோசனை. அன்றிலிருந்து ஒரு சோதனைக்கு ஒரே தாள், இரண்டு பக்கம். முன்பக்கம் நோக்கத்திலிருந்து காண்பன வரை. பின்பக்கம் முடிவும் முன்னெச்சரிக்கையும்.

இரண்டாயிரத்து நாலு ஜூனில் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் நகர்ந்து போனதைப் பலர் மறந்திருப்பார்கள். உயிரோடிருந்த யாருமே அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. எங்கள் பின்னறையில் கல்யாண வீட்டுக் களை. பள்ளி திறந்த கையோடு குறிப்பு போய்ச் சேர வேண்டும் என்று மே மாத வெயிலில் உட்கார்ந்து தேடினோம்.

தேடியதில் நல்லதும் கிடைத்தது, விஷமும் கிடைத்தது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை இரண்டு மடிப்பாக வைத்து, பைனாகுலர் வழியாகவே சூரியனைப் பார்க்கலாம் என்று ஒரு தளம். படம் போட்டு, சிரிக்கிற குழந்தையெல்லாம் போட்டு, அழகாக இருந்தது. மேடம் கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டு அதைத் தொடவே இல்லை. "இதைச் செஞ்சு பாத்தவன் எழுதியிருக்க முடியாது. எழுத அவனுக்குக் கண்ணு இருந்திருக்காது."

கடைசியில் வானியலாளர்கள் நடத்துகிற தளம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். பைனாகுலரை ஒரு தாங்கியில் கட்டி, ஒரு குழலை மூடிவிட்டு, மற்றதைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினால் பின்னால் வைத்த வெள்ளை அட்டையில் சூரியன் வட்டமாக விழும்; பிள்ளைகள் அட்டையைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தளத்தில் எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில் இருந்தது. நான் அதைத் தமிழாக்கி நம் வரிசைப்படி கடைசியில் வைத்தேன். மேடம் தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'எக்ஸ்ரே ஃபிலிம் வைத்தும், குறி பார்ப்பதற்காகக்கூட, கண்ணருகு வில்லையில் கண்ணை வைக்கக் கூடாது. நிழலைப் பார்த்துத் திருப்பவும்.' ஒரு எழுத்துக் குறை சொல்ல முடியாத தாள். மாவட்டம் முழுக்கப் போயிற்று.

லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் சிராஜுதீன் என்று ஒரு அறிவியல் ஆசிரியர். பெற்றோர்-ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியர்தான். நிரந்தர வேலைக்குப் பதிந்துவிட்டு முறை வரக் காத்திருந்தார். அவருடைய குடும்பத்தில் ஆண்கள் எல்லாரும் வளைகுடாவில். இவர் மட்டும் ஊரில் உட்கார்ந்து காந்தமும் கம்பிச்சுருளும் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்தால் முதல் வரிசையில் உட்காருவார். மேடத்தின் இரண்டு கேள்வியையும் தம் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தவர்.

வெள்ளி கடக்கிற அன்று காலை எங்கள் ஆபீஸ் வாசலில் அட்டையில் சூரியனை விழவைத்துக் காத்திருந்தோம். பத்தே முக்கால் வாக்கில் வட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி கடித்தது. மேடம் சின்னப்பிள்ளைபோலக் கை தட்டினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் கை தட்டி நான் பார்த்ததில்லை. மத்தியானம் போன் வந்தது.

மறுநாள் மேடமும் நானும் அந்தப் பள்ளிக்குப் போனோம். சிராஜுதீன் திருச்சிக்குப் போய்க் காட்டிவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் திரும்பி நேராகப் பள்ளிக்கே வந்திருந்தார். வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது.

"வலிக்குதா?" என்று மேடம் கேட்டார்.

"வலியே இல்ல மேடம். அதான் டாக்டரு தலையில அடிச்சுக்கிட்டாரு. விழித்திரைக்கு வலி தெரியாதாம். நடுவுல வெந்துபோச்சு, ஆபரேசனுக்கு வழியில்லன்னுட்டாரு."

நடந்ததை அவரே சொன்னார். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த பைனாகுலர். எல்லாம் தாளில் சொன்னபடி கட்டியாயிற்று. சூரியனுக்கு நேராகத் திருப்புவதுதான் பிடிபடவில்லை. பிரவுசிங் சென்டரில் எக்ஸ்ரே ஃபிலிம் பற்றிய அந்த அழகான பக்கத்தை அவரும் பார்த்திருந்தார். அத்தாவுடைய, அதாவது அவர் அப்பாவுடைய, பழைய எக்ஸ்ரே வீட்டில் இருந்தது.

"நம்பலாமான்னு சந்தேகமாத்தான் இருந்துச்சு மேடம். நீங்க அனுப்புன தாளை ரெண்டு தடவை படிச்சேன். அதுல ஃபிலிமைப் பத்தி வேணும்னும் இல்ல, வேண்டாம்னும் இல்ல. சரி, நாம செஞ்சு பாக்காததைப் பிள்ளைங்ககிட்ட குடுக்கக் கூடாதுல்ல. அதான், பிள்ளைங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு நான் முதல்ல கண்ணை வச்சேன்."

வில்லை குவித்த வெயிலில் ஃபிலிம் நொடியில் ஓட்டையாகிவிட்டது. கண்ணை எடுத்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்து, பைனாகுலரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிள்ளையும் அதில் கண் வைக்கவில்லை.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை. "தாள் எங்க?" என்றார்.

தலைமையாசிரியர் பெருமையாகவே அழைத்துப் போனார். அலுவலகத்திலிருந்து வரும் எல்லாத் தாளையும் மதித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவது அந்தப் பள்ளியில் வழக்கம். கோப்பில் வைத்தால் யார் பார்க்கிறார்கள்? பலகையில் என்றால் எல்லாரும் படிப்பார்கள். மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து, காற்றில் ஒரு மூலைகூடத் தூக்காதபடி முழுத்தாளுக்கும் தடவி ஒட்டியிருந்தார்கள். நோக்கம், பொருள்கள், செய்முறை, காண்பன, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"பின்பக்கம்?" என்றேன்.

"பின்பக்கம் என்ன சார், பலகைதான்" என்றார் தலைமையாசிரியர்.

சத்துணவுக் கூடத்திலிருந்து வெந்நீர் வாங்கி, துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி நான்தான் உரித்தேன். வேதியியல் படித்ததற்கு அன்று ஒரு பயன் கிடைத்தது. தாள் கிழியாமல் வந்தது. சிராஜுதீன் கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க வழியில்லை. இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல வாய்விட்டு வாசித்தார். எக்ஸ்ரே ஃபிலிம் வரி வந்ததும் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"நல்லாத் தெளிவா எழுதியிருக்கீங்க சார்" என்று என்னிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். என் எழுத்துக்கு எவ்வளவோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்தப் பாராட்டுபோல எதுவும் என்னை அடித்ததில்லை.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். அவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா, இல்லையா. மைதா காய்ந்து முறுகியிருந்த அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தெளிவா இருக்கே மேடம். உங்க மேல ஒண்ணும் இல்ல. படிக்காம செஞ்சது அவரு தப்பு."

"அவரு படிச்சாரு சார். எச்சரிக்கை அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு" என்றார் மேடம். "மேல சிவப்புல இருந்ததைக் கீழ கொண்டுபோனது நாங்க. கீழ இருந்ததைப் பின்னால கொண்டுபோனதும் நாங்க. அதை எழுதிக்குங்க."

"அதெல்லாம் எழுதுனா உங்களுக்குத்தான் சிக்கல் மேடம்."

"நீங்க எழுதலைன்னா நான் எழுதித் தரேன்."

எழுதியும் கொடுத்தார். இரண்டு பக்கம், இரண்டு தாளில், தனித்தனியாக. அது எங்கே போயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. தாள் சொன்னதுதான் எடுபட்டது, மேடம் சொன்னது எங்கும் எடுபடவில்லை. தக்க எச்சரிக்கை இருந்தும் ஆசிரியரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று முடிந்தது. கவனக்குறைவான ஆசிரியரைப் பெற்றோர்-ஆசிரியர் கழகம் எப்படி வைத்துக்கொள்ளும்? காலாண்டுக்குப் பிறகு அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர வேலைப் பட்டியலுக்கு அவர் அப்புறம் காத்திருக்கவில்லை. சுவரில் அவர் எழுதியிருந்த இரண்டு கேள்வியின் மேல் அடுத்த வெள்ளையடிப்பில் சுண்ணாம்பு ஏறியது.

எங்கள் பிரிவில் அதற்குப் பிறகு எச்சரிக்கை தலைப்புக்கும் மேலே போயிற்று. ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெறுமை. காகிதம் வீணாகிறது என்று தணிக்கையில் ஒரு குறிப்பு வந்தது. அதற்கு மேடம் பதிலே எழுதவில்லை. நான் விருப்ப ஓய்வில் வெளியே வரும்வரை அப்படியேதான் நடந்தது. இப்போது என்னிடம் லிஸ்ட் கேட்ட தம்பிக்கு லிஸ்ட்டோடு இதையும் சேர்த்து அனுப்புகிறேன். சரியான தளத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது போய்ச் சேர்கிற இடத்தில் எந்தப் பக்கம் மேலே தெரிகிறது என்று நேரில் போய்ப் பார்ப்பது மீதி. அந்த மீதிக்கு எங்களுக்கு ஜீப் ஒதுக்கீடு இருந்ததில்லை.

சிராஜுதீன் கடைசியாக ஒரு தடவை ஆபீசுக்கு வந்தார். பயணம் சொல்லிக்கொள்ள.

"துபாய் போறேன் மேடம். மச்சான் கடையில இருக்கப்போறேன். சரக்கு பாக்க ஒரு கண்ணு தாராளம்னு சொல்லிட்டாரு."

மேடம் உட்காரச் சொன்னார். டீ வந்தது. அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஒரு சந்தேகம் சார். அன்னிக்கு நீங்க பாத்தீங்கள்ல, வெள்ளி எப்படி இருந்துச்சு? நான் கண்ணை வச்சப்ப அது இன்னும் வரல. அப்புறம் பாக்க முடியாமப் போச்சு."

"பெரிசா ஒண்ணும் இல்லீங்க" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு. "வட்டத்துக்குள்ள கறுப்பா, சின்னதா ஒரு புள்ளி. அவ்வளவுதான். மெதுவா நகந்து போயிடுச்சு."

அவர் தலையாட்டினார். டம்ளரை வைத்துவிட்டு, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் சன்னலைப் பார்த்தார். பிறகு சுவரை. பிறகு மேடத்தை.

"எனக்கு நகரல மேடம்" என்றார். "இப்ப உங்க மூஞ்சி இருக்கற இடத்துல நிக்குது."

யார் சொன்னது, செஞ்சு பாத்தாங்களா என்று மேடம் அன்றைக்குக் கேட்கவில்லை.